ஜான் வெய்ன் ரசிகர் மன்றத்தில் சேரப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் கையிலிருந்து போனது 45 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. திரும்பி வந்தது நாலாயிரத்துக்கும் குறைவு. குழுவின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டு முறை பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்கள் அவர்களேதான், வேலை செய்கிற விதமும் அதேதான். அதனால் விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா ரயில்வேயில் இருந்தவர். இளம் வயதில் மதுரையில் ‘ஹட்டாரி’ பார்த்ததை இன்றைக்கும் நேற்றுப் பார்த்த மாதிரி சொல்வார். ஜீப்பின் முன்பக்கத்தில் ஓர் இருக்கையைப் பொருத்தி, அதில் உட்கார்ந்துகொண்டு காண்டாமிருகத்தை விரட்டுவார்களே, அந்தப் படம். அதன் நாயகன், அமெரிக்கக் கவ்பாய் பட நடிகர் ஜான் வெய்ன் நடக்கிற நடையை, இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து, எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்து காட்டுவார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. அப்பாவுக்கு 75 வயது ஆகப்போகிறது, வெய்ன் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

இணையத்தில் தேடியபோது ஒரு ரசிகர் குழு கண்ணில் பட்டது. சும்மா சேர முடியாது. மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவருடைய இயற்பெயர் என்ன? மேரியன் ராபர்ட் மாரிசன். ‘டியூக்’ என்ற செல்லப் பெயர் எங்கிருந்து வந்தது? சிறுவயதில் அவர் கூடவே திரிந்த ஏர்டேல் நாயின் பெயர் அது. கடைசிப் படம் எது? 1976-இல் வந்த ‘தி ஷூட்டிஸ்ட்’. மூன்றும் அப்பா சொல்லிக் கொடுத்தவை என்பதால் தடுமாற்றமே இல்லை. உள்ளே போனதும் வரவேற்பு பிரமாதம். அப்பாவின் ஹட்டாரி கதையை எழுதினேன், ஐம்பது பேர் வந்து பாராட்டினார்கள். நான் முதலில் ஏமாந்தது இங்கேதான், பணம் கொடுத்தபோது அல்ல. ஒரு நடிகரைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறவன் திருடனாக இருப்பானா என்று நினைத்தேன். இருப்பான். அவனுக்கு அது தொழில்.

அவர்களுக்குத் தெரிந்ததில் பொய் இல்லை, அதுதான் சங்கடம். 1930-இல் ‘தி பிக் ட்ரெய்ல்’ தோற்றபிறகு வெய்ன் ஒன்பது வருஷம் மலிவுப் படங்களில் கிடந்தார், 1939-இல் இயக்குநர் ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’தான் அவரைத் தூக்கிவிட்டது, அதில்கூட நடிகர் பட்டியலில் முதல் பெயர் நாயகி கிளேர் ட்ரெவருக்குத்தான் என்றெல்லாம் நிர்வாகி பத்தி பத்தியாக எழுதுவார். ‘ரெட் ரிவர்’ படத்துக்காக இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் செய்யச் சொன்ன பெல்ட் பக்கிள், ‘டி’ எழுத்தும் பக்கத்தில் ஆற்றைக் குறிக்கும் இரண்டு வளைகோடுகளும் போட்டது, அதை வெய்ன் பிற்பாடு எத்தனை படங்களில் மாட்டிக்கொண்டு வந்தார் என்று பட்டியலே வைத்திருந்தார். எனக்கு அது போதைபோல ஆகிவிட்டது. இரவு பதினொரு மணிக்கு மேலும் வாசித்துக்கொண்டிருப்பேன்.

முதலில் கேட்டது 45 டாலர், ஆயுள் உறுப்பினர் கட்டணம். எண் போட்ட அட்டையும், வருஷத்துக்கு நாலு இதழும் வரும் என்றார்கள். என் கார்டில் கட்டினேன். அட்டை வந்தது, ஒரு படக்கோப்பாக. இதழ் இன்றுவரை வரவில்லை. அச்சகத்தில் தாமதம் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

அப்புறம் நிர்வாகி தனியாக எழுதினார். உங்கள் அப்பாவின் கதை என்னைத் தொட்டுவிட்டது, என்னிடம் ‘ஸ்டேஜ்கோச்’ விளம்பரப் படம் ஒன்று இருக்கிறது, வெய்ன் 1939-இல் கையெழுத்திட்டது, குழுவில் அறிவித்தால் ஆயிரம் டாலருக்குப் போகும், உங்களுக்கு 380-க்குத் தருகிறேன் என்றார். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். 2011-இல் வெய்னின் குடும்பத்தார் அவருடைய சொந்தப் பொருள்களை லாஸ் ஏஞ்சல்ஸில் ஏலம் விட்டார்களே, அதில் எடுத்தது என்றார். அந்த ஏலம் உண்மை. ‘ட்ரூ கிரிட்’ படத்தில் வெய்ன் கட்டியிருந்த கண்பட்டை 47,800 டாலருக்குப் போனதும் உண்மை. அந்தச் செய்தியின் இணைப்பையும் அனுப்பினார். நான் வாயடைத்துப் போனேன். நான் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி, ஏலத்தில் அந்தப் படத்தின் லாட் எண், அதாவது ஏலப் பொருளுக்குப் போடும் எண், என்ன என்பதுதான். பெரிய ஏல நிறுவனங்கள் விற்ற ஒவ்வொரு பொருளையும் எண்ணோடும் படத்தோடும் இணையத்தில் வைத்திருக்கும். ஐந்து நிமிஷ வேலை. செய்யவில்லை.

பணத்தைக் கார்டில் வாங்க மாட்டேன் என்றார். பணம் அனுப்பும் நிறுவனத்துக்குக் கட்டணம் போகிறதாம், அதனால் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்புகிற முறையில் அனுப்ப வேண்டுமாம். இங்கிருந்து அது முடியாது என்பதால் நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகனைப் பிடித்தேன். அவன் அப்போதே கேட்டான், “அத்தான், இப்படி அனுப்பினா பொருள் வரலைன்னா திருப்பிக் கேக்க முடியாது, தெரியும்ல?” எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி “பரவாயில்லடா” என்றேன். விற்கிறவனுக்குக் கொடுக்கிற பணமாகப் பதிவானால்தான் வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. சொந்தக்காரனுக்கு அனுப்பியதாகப் பதிவாகிவிட்டால் அது நாமாக விரும்பிக் கொடுத்த பணம். கட்டணத்தை மிச்சப்படுத்த என்று யார் இந்த வழியைக் கேட்டாலும் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள்.

அஞ்சல் செலவு 38 டாலர். பொதி இங்கே வந்ததும் சுங்க வரி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் கட்டி எடுத்தேன். உள்ளே படம், ஹோலோகிராம் ஒட்டிய உண்மைச் சான்றிதழ், இலவசமாக ஒரு ‘ரெட் ரிவர்’ பக்கிள். பித்தளை வார்ப்பு என்று சொல்லியிருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தைக் காட்டினேன், பச்சக் என்று பிடித்துக்கொண்டது.

அப்போதும் படத்தைச் சந்தேகப்படவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஃப்ரேம் போடுவதற்கு முன்னால் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சியிடம் காட்டலாம் என்று எடுத்துப் போனேன். முப்பது வருஷம் இருட்டறையில் நின்று படம் கழுவியவர். கையில் வாங்கிய நொடியே முகத்தைச் சுளித்தார். “இது பிளாஸ்டிக் பேப்பர்லா” என்றார். 1939-இல் புகைப்படத்தாள் எல்லாம் நார்த்தாள். காய்ந்தால் ஓரம் லேசாகச் சுருளும், பின்பக்கம் காகிதமாகவே இருக்கும். இது இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசியது. அப்படிப்பட்ட தாள் புழக்கத்துக்கு வரவே அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஆயிற்று. பக்கத்து நகைக்கடையில் லென்ஸ் வாங்கி வந்து கறுப்பாக இருந்த இடத்தைப் பார்க்கச் சொன்னார். கறுப்பே இல்லை, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள். வீட்டில் வைத்திருக்கும் இன்க்ஜெட் பிரிண்டர் போட்டது. பிறகு கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைக் காட்டினார். தாள் சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் அது, அந்தக் காலத்துத் தாளில் கிடையாது என்றார்.

கையெழுத்து மட்டும் கையால் போட்டதுதான். அந்த அளவுக்கு உழைத்திருக்கிறார்கள். ஆனால் மார்க்கர் பேனாவில். 1939-இல் ஏது அப்படிப்பட்ட பேனா? மெல்லிய நுனி வைத்த மார்க்கர்கள் கடைக்கு வந்ததே 1960-களில். பழைய படத்தில் வெய்ன் பின்னாளில் மார்க்கரால் கையெழுத்துப் போட்டிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே அதே மையில் 1939 என்று வருஷமும் போட்டிருந்தது.

குழுவில் இதைப் பணிவாகத்தான் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் என் பதிவு காணவில்லை, மறுநாள் காலையில் நானே காணவில்லை. நீக்கப்படுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்ட அயர்லாந்துக்காரர் ஒருவர் தனியாக எழுதினார். அவருக்கு விற்றது ‘தி குவயட் மேன்’ விளம்பரப் படம், அந்த வெய்ன் சினிமா 1951-இல் அவர்கள் நாட்டில் காங் என்ற ஊரில் எடுத்தது. அவருடைய அப்பாவும் அந்த ஊர்ப்பக்கத்துக்காரராம். அதை அவர் குழுவில் எழுதிய மூன்றாவது நாளே நிர்வாகி தனியாகப் பேசியிருக்கிறார். நாங்கள் படங்களைப் பரிமாறிப் பார்த்தோம். அவருடையதில் 1951, என்னுடையதில் 1939. ஆனால் ‘ஜே’யின் சுழி, ‘ஒய்’யின் வால், எழுத்தின் சாய்வு எல்லாம் ஒன்றே. பன்னிரண்டு வருஷத்தில் யார் கையெழுத்தும் கொஞ்சமாவது மாறாமல் இருக்குமா? மார்க்கரும் ஒன்றே.

சான்றிதழை நம்பாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். விற்கிறவனே எழுதிய சான்றிதழ், கடைக்காரரே தன் பாலுக்குக் கொடுக்கிற உத்தரவாதம்தான். அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் பிடித்த பெரிய கும்பல் கையெழுத்தோடு சேர்த்துச் சான்றிதழையும் போலியாகத்தான் தயாரித்தது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகூட அதில் சிக்கியது. யோசித்துப் பாருங்கள், அன்னை தெரசா, பேஸ்பால் பந்து!

இன்னொன்று, வெய்ன் ரசிகர்களுக்கு வஞ்சனையில்லாமல் கையெழுத்துப் போட்டவர். முன்கூட்டியே கையெழுத்திட்ட சின்ன அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு நீட்டுவார். அதனால் உண்மையானவை கிடைக்காத சரக்கு இல்லை, வாங்குகிறவர்கள் நிதானமாகத் தேடினால் நல்ல ஏலங்களில் வரும். ‘இன்று விட்டால் என்றும் இல்லை’ என்று ஒருவர் அவசரப்படுத்துவதே பொய்.

பணத்தைப் பற்றி: 45 டாலர் கட்டணத்துக்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டியதைத் திருப்பித் தரும்படி, கேட்டேன். இதழ் வரவில்லை என்பதற்கு உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்ததால் இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. மீதி, அத்தை மகன் வழியாகப் போனது. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். பணம் அமெரிக்கக் கணக்கிலிருந்து போயிருப்பதால் அங்கேயும் புகார் கொடுக்கச் சொன்னார்கள். அவன் எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் பிரிவில் பதிந்திருக்கிறான். நம்பிக்கை இல்லை. சுங்க வரி போனது போனதுதான். போலிக்கும் நேர்மையாக வரி கட்டியவன் நான்.

அப்பாவிடம் ஒரு வாரம் மறைத்தேன். பிறந்தநாளன்று அவரே “ஏதோ பார்சல் வந்துச்சே, என்னல அது?” என்று கேட்டபோது எடுத்துக் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கோச்சு வண்டியை நிறுத்திக்கொண்டு, ஒரு கையில் சேணத்தைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் துப்பாக்கியோடு நிற்கிற ரிங்கோ கிட், ‘ஸ்டேஜ்கோச்’சில் வெய்னின் வேடம்.

“படம் நல்லாத்தாம்ல இருக்கு” என்றார். “கையெழுத்து மறையிற மாதிரி கீழ ஒரு பட்டை வச்சு ஃப்ரேம் போடச் சொல்லு.”

ஃப்ரேம் கடைக்காரர் 650 ரூபாய் வாங்கினார். கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.