மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை என்று 18,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்: ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, தடா பக்கத்தினர் கவனத்துக்கு

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்" என்று போர்டு மாட்டிக்கொண்டு, தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லும் ஒரு தனியார் வேலைவாய்ப்பு ஏஜென்சி என் அக்கா மகளிடம் 18,500 ரூபாய் வாங்கிவிட்டுக் கையை விரித்துவிட்டது. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இரண்டு காலும் இறுகி இருக்கும், வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். பி.காம். படித்திருக்கிறாள், கணக்கு எழுதும் டேலி மென்பொருள் தெரியும். யு.டி.ஐ.டி. அட்டையில், அதாவது மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், ஊனம் 60 சதவீதம், அதனால் மஞ்சள் அட்டை.

ஆபீஸ் மாடியில். லிஃப்ட் கிடையாது. ஏஜென்சிக்காரர் தானே இறங்கி வந்து கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினார். "எத்தனை படி ஏற முடியும்மா? கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்? வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயமா? போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?" ஒவ்வொன்றையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். இன்டர்வியூவுக்குப் போன இடங்களில் எல்லாம் காலைப் பார்த்துவிட்டு "சொல்லி அனுப்புறோம்" என்றவர்கள்தான் அதிகம். டாய்லெட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. இவர் கேட்டதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரேம்ப் ஒண்ணுக்குப் பன்னிரண்டு, வாசல் அகலம் 900 மில்லிமீட்டர், அதைப் பார்க்காம நான் ஆள் அனுப்ப மாட்டேன்" என்றார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு, 900 மி.மீ. வாசல், இரண்டும் சரியான கணக்குதான். விஷயம் தெரிந்த ஆள். தெரிந்ததை வைத்தே ஏமாற்றுகிறார்.

பணம் ஒரே தடவையில் போகவில்லை. பதிவுக்கு 500. அடுத்து, "தமிழ்நாட்டு அட்டை ஆந்திராவில் செல்லாது, சதரம் சர்டிபிகேட் எடுக்கணும்" என்று 3,000 (சதரம் என்பது ஆந்திர அரசு கொடுக்கும் ஊனச் சான்று). செக்யூரிட்டி டெபாசிட் 12,000. யூனிஃபார்ம், மெடிக்கல், பஸ் பாஸ் 3,000. மொத்தம் 18,500. எல்லாமே ஜி.பே.யில் ஒரு தனி நபர் பெயருக்குப் போனது, ஏஜென்சி கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

அந்த 3,000 ரூபாய்ப் பொய்யை நன்றாகக் கவனியுங்கள், எல்லைக்காரர்களுக்கென்றே செய்த பொய் அது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 58-ஆம் பிரிவின்படி முறையாகக் கொடுத்த ஊனச் சான்று நாடு முழுக்கச் செல்லும். ஆரம்பாக்கம் தாண்டித் தடா போனதும் காலாவதி ஆகாது. தனியார் கம்பெனி வேலைக்குச் சதரம் எதற்கு?

அடுத்த பொய், "கம்பெனியில் நாலு சதவீதக் கோட்டா இருக்கு, ஸீட் போயிடும்" என்பது. 4 சதவீத இடஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கு, அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு. தனியாருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பணியாளர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கத்தொகை தரலாம் என்று மட்டும் 35-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, தனியார் கம்பெனியில் "கோட்டா ஸீட்" விற்கிறேன் என்றால் இல்லாத பொருளை விற்கிறார் என்று அர்த்தம்.

இன்னொரு வீட்டில் 60 சதவீதத்தை 80 ஆக்கி நீல அட்டை வாங்கித் தருகிறேன் என்றும் பேசியிருக்கிறார். அதற்குத் தலையாட்டினால் மாட்டுவது அட்டைக்காரர். மோசடியாகச் சலுகை பெற்றால் 91-ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணி நியமனக் கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. சத்தியவேடு பக்கத்து முகவரிக்குக் கீழே "சித்தூர் மாவட்டம்" என்று இருந்தது. 2022 ஏப்ரலிலிருந்து அது திருப்பதி மாவட்டம். அனுப்பியது ஜிமெயில் முகவரி. சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் என்று ஒரு வரி கிடையாது.

சொன்ன தேதியில் ஆட்டோ வைத்துப் போனார்கள். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் லிஸ்ட்டை இரண்டு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர் இல்லம்மா" என்றார். வெயிலில் நிற்கிறாளே என்று தன் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டு உட்கார வைத்தார். அந்தக் கம்பெனிமேல் குற்றமே இல்லை, அவர்களுக்கு இந்த ஏஜென்சி யாரென்றே தெரியாது.

அப்புறம் ஆரம்பித்தது இழுத்தடிப்பு. ஹெச்.ஆர். மேடம் லீவு. சர்வர் டவுன். பண்டிகை முடியட்டும். நடுவில் தெலுங்கில் "ஏமி பர்வாலேதம்மா" என்று ஒரு சமாதானம். கடைசியில், "உங்க பொண்ணால நின்னு வேலை செய்ய முடியாதுன்னு கம்பெனிதான் ரிஜெக்ட் பண்ணிடுச்சு, டெபாசிட் ரிட்டர்ன் ஆகாது" என்றார். படி எண்ணிக்கையை நோட்டில் எழுதிய அதே ஆள்! 18,500 போனதைவிட அந்தப் பேச்சுதான் வயிற்றைப் பிசைகிறது. மறுபடி கூப்பிட்டால் நம்பர் பிளாக்.

ஸ்டேஷனிலும் அலைக்கழிப்பு. இங்கே போனால் "வேலை ஆந்திராவில்தானே", அங்கே போனால் "பணம் கொடுத்தது தமிழ்நாட்டில்தானே". இது செல்லாது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவு சொல்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் பதியக்கூடிய இதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர், அப்படியே கேளுங்கள். மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 318-ஆம் பிரிவு. எழுதிக் கொண்டுபோய் நீட்டிய பிறகுதான் எங்கள் புகாரை வாங்கினார்கள்.

என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு முடிந்தது இவ்வளவுதான்.

வேலைக்கு டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒழுங்கான ஏஜென்சி கம்பெனியிடம் கட்டணம் வாங்கும், உங்களிடம் வாங்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம், தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், மூன்றுமே இலவசம். யு.டி.ஐ.டி. விண்ணப்பமும் இலவசம்.

ஒரிஜினல் அட்டையை யாரிடமும் விடாதீர்கள். நகல் போதும்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை எழுதி வைத்திருக்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணிகள் எவை, என்ன வசதிகள் என்று அதில் இருக்கும். கம்பெனியின் லேண்ட்லைனுக்கு நீங்களே பேசி அதைக் கேளுங்கள். ஏஜென்சி கொடுக்கும் "ஹெச்.ஆர். நம்பர்" அவர்கள் ஆளுடையதாகவே இருக்கும்.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், தாமதித்தால் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஸ்கிரீன்ஷாட், வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள்.

இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் தனித்தனியாக அலையாமல் சேர்ந்து புகார் கொடுப்போம். ரசீது, யு.பி.ஐ. எண் எடுத்து வையுங்கள்.