கிட் லென்ஸே போதுமா, 50 எம்எம் வாங்கலாமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸிலேயே காலத்தை ஓட்டுவதா, தனியாக ஒரு 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் வாங்குவதா? வீட்டுக்குள் ஆட்களைப் படமெடுப்பதுதான் அதிகம் என்றால் என் ஓட்டு 50-க்கு.

ஒன்றில் ஜூம் உண்டு, மற்றதில் இல்லை, அது தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது வெளிச்சம். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் கூடும்; கிட் லென்ஸ் 55-இல் எஃப்5.6-க்கு மேல் திறக்காது. ஒற்றை டியூப் லைட் எரியும் கூடத்தில் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளியுணர்வு) 3200 வைத்தாலும் ஷட்டர் 1/30 நொடி பக்கம்தான் நிற்கும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். குழந்தை தலையைத் திருப்பினால் முகம் இழுபட்டுத்தான் விழும். 50-ஐ எஃப்2-இல் வையுங்கள்: மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும்), அதாவது எட்டு மடங்கு வெளிச்சம். இரண்டு ஸ்டாப்பை ஷட்டருக்குக் கொடுத்தால் 1/125. மீதி ஒன்றை ஐஎஸ்ஓவில் குறைத்தால் 1600. அசைவும் நிற்கும், ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் விழும் புள்ளிகளும் குறையும். படத்தில் பட்டை விழுந்தாலோ, அடுத்தடுத்த படங்களில் வெளிச்சம் ஏறி இறங்கினாலோ லென்ஸைத் திட்ட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிக்கல் ஃபோகஸில்தான் வரும். எஃப்2-இல், இரண்டு மீட்டர் தூரத்தில், தெளிவாக விழும் ஆழம் சுமார் 12 செ.மீ. ஒரு மீட்டருக்கு நெருங்கினால் 3 செ.மீ.; கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே தேர்ந்தெடுக்க விட்டால் அது மூக்கிலோ சட்டைப் பொத்தானிலோ போய் உட்காரும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அருகிலிருக்கும் கண்ணில் வைத்து எடுங்கள்.

கிட் லென்ஸை விற்றுவிடாதீர்கள். விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சாரில் 50 என்பது, ஃபுல் ஃப்ரேம் எனும் பெரிய சென்சாரில் 75-80 காட்டுவது போல நெருக்கிக் காட்டும். சின்ன அறையில் பத்துப் பேரை நிற்க வைத்தால் பின்னால் சுவர்தான் இடிக்கும். அங்கே 18-தான் கைகொடுக்கும். பகல் வெளிச்சத்தில், எஃப்8-இல் எடுக்கும் இயற்கைக் காட்சிகளுக்கும் அதுவே போதும். எப்போதும் சிறிய அறைதான் என்றால் 50-க்குப் பதில் 35 எஃப்1.8 பாருங்கள்.

நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் பழைய 50 எஃப்1.8 'டி' லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடக் கூடாது. அந்தக் கேமராக்களிலும் ஃபோகஸ் மோட்டார் இல்லை, அந்த லென்ஸிலும் இல்லை. கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ள 50-இல் 'ஏஎஃப்-எஸ்', 'ஜி' என்ற எழுத்துகள் லென்ஸின் மேலேயே இருக்கும், பார்த்து வாங்குங்கள்.