சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உதவும் மின்னஞ்சல்கள்

ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகளுக்கு வேதாகமம் சொல்லித்தரும் சண்டே ஸ்கூல் பொறுப்பு என் கைக்கு வந்த வாரம், இலவசப் பாடம் அனுப்புகிறோம் என்று சொன்ன இடத்தில் எல்லாம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்தேன். மொத்தம் பதினொன்று. மூன்று வருடம் கழித்து இன்று மூன்றுதான் மிச்சம். கழிந்துபோன எட்டும் மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கத்தரிக்கோலும் ஒருபக்கம் அச்சடித்த பழைய தாள்களுமாக உட்காரும் ஆளுக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை. அந்த ஒன்பது மணியை வைத்துத்தான் நான் எதையும் அளக்கிறேன்.

முதலில் செர்மன்ஸ்4கிட்ஸ். ஒரு சாதாரணப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் ஐந்து நிமிடம் பேசுவதற்கான சிறு செய்தி, கூடவே வண்ணம் தீட்டும் படம், சொல் தேடும் கட்டம். 1992-இல் பல சபைகள் சேர்ந்து வெளியிட்ட மூன்று வருட வேதவாசிப்பு அட்டவணையை ஒட்டி இவை போகும். எங்கள் சபை அந்த அட்டவணையைப் பின்பற்றுவதில்லை. அதனால் வாரம் வருவதை அப்படியே எடுக்காமல், பாடப் பகுதியைத் தேடி எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையைப் பின்பற்றும் சபை என்றால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, கேட்கும் பொருள் வீட்டிலேயே இருக்கும். சாவி, கயிறு, கைக்கண்ணாடி. ஒருமுறை பேட்டரியைக் கழற்றிய டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போனேன். பொத்தானை இரண்டு முறை அழுத்தி, எரியவில்லையே என்று நான் முகத்தைச் சுருக்குவதற்குள் முன்வரிசையில் இருந்த ஆறு வயதுப் பையன், "அக்கா, பேட்டரியை மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டான். செய்தி அங்கேயே முடிந்தது. சொல்லிக் கொடுக்கவேண்டியதை அவனே சொல்லிவிட்டான். ஆங்கிலச் சொற்கட்டங்கள் மட்டும் எங்களுக்கு உதவாது. அவற்றை அச்சடித்து வீணாக்காதீர்கள்.

அடுத்து ட்ரூவே கிட்ஸ். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தின பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட பாடம். கதை, கேட்கவேண்டிய கேள்விகள், ஒரு விளையாட்டு, கைவேலை, வண்ணப்படம் எல்லாம் ஒரே பிடிஎஃப் கோப்பில் இருக்கும். பெற்றோர் வீட்டில் நடத்தவும் ஏற்றது என்பதால் மொழி எளிது, மொழிபெயர்க்க முதுகு ஒடியாது. குறை என்றால் தாள்தான். முழுப் பாடத்தையும் பிள்ளைக்கு ஒன்று என்று அச்சடித்தால் கட்டுப்படியாகாது. நான் வண்ணப்படத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு, கைவேலையை ஒன்று மாதிரிக்குச் செய்து காட்டுகிறேன். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

மூன்றாவது மினிஸ்ட்ரி டு சில்ட்ரன். இது கடல். தேடினால் எந்த வேதபகுதிக்கும் ஏதாவது கிடைக்கும், ஆனால் தரம் ஏறி இறங்கும். விலைக்கு விற்கும் பாடத்திட்டங்களும் உண்டு, ஆகவே மின்னஞ்சலில் விளம்பரமும் கலந்தே வரும். அதில் எனக்குக் கோபம் இல்லை. எழுதுகிறவருக்கும் வயிறு இருக்கிறதே.

கோபம் வந்தது வேறொன்றின்மேல். பெயர் வேண்டாம். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு இலவசத் தொகுப்பு என்றார்கள், முகவரி கொடுத்தேன். ஏழு நாளில் ஒன்பது மின்னஞ்சல். ஒவ்வொன்றிலும் நேரம் குறைந்துகொண்டே போகும் கடிகாரம், "இன்றே கடைசி" என்ற மிரட்டல். சனிக்கிழமை இரவு தரவிறக்கலாம் என்று போனால் சுட்டி காலாவதி. அன்றைக்குக் காலிக் கல்லறையைப் பழைய அட்டைப்பெட்டியில் நானே வெட்டினேன். கொஞ்சம் கோணல்தான், கல்லும் உருளவில்லை, தூக்கித்தான் வைக்கவேண்டியிருந்தது.

இந்தத் தொல்லையிலிருந்து தப்ப, ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி. உங்கள் பெயருக்குப் பின், @ குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுங்கள். அஞ்சல் உங்களுக்கே வரும், ஆனால் எந்த இடத்துக்குக் கொடுத்த முகவரி வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். அந்த முகவரிக்கு ஒரு வடிகட்டியும் போட்டுவிட்டால் எல்லாம் தனி லேபிளுக்குப் போய்விடும், பிரமோஷன்ஸ் பகுதியில் தொலையாது. பெருமளவில் விளம்பர அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும் என்று 2024-இல் ஜிமெயிலும் யாஹூவும் விதி கொண்டுவந்தன. தயங்காமல் விலகுங்கள். இலவசமாகக் கொடுத்தார்களே என்று கூச்சப்பட்டு நான் இரண்டு வருடம் சுமந்த பட்டியல்கள் உண்டு.

தமிழில் பாடம் வேண்டும் என்பவர்களுக்கு மின்னஞ்சலைவிட பைபிள் ஃபார் சில்ட்ரன் தளம்தான் கைகொடுக்கும். ஆதியாகமம் தொடங்கி 60 கதைகள், தமிழிலும் உண்டு. விற்காதவரை நகலெடுக்கலாம், அச்சடிக்கலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். படங்களுக்கு ஃப்ரீ பைபிள் இமேஜஸ். காட்சி காட்சியாக, பவர்பாயின்ட் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு படத்தொகுதிக்கும் உரிமை நிபந்தனை வேறு, வாசித்துவிட்டு எடுங்கள். இலவசம் என்றால் மொழிபெயர்த்துப் பரப்பவும் அனுமதி என்று அர்த்தம் இல்லை. வகுப்பில் வாயால் தமிழில் சொல்வது ஒன்று, தமிழ் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் விடுவது வேறு.

மொழிபெயர்ப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. அவசரத்தில் ஒரு வாரம் மனப்பாட வசனத்தையும் சேர்த்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். சங்கீதம் 23:1. "கர்த்தர் என் மேய்ப்பன், நான் விரும்பமாட்டேன்" என்று வந்தது. நல்லவேளை, அச்சடிக்கும் முன் பார்த்தேன். கதையை எப்படியும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம், வசனத்தை மட்டும் வேதாகமத்தைத் திறந்துவைத்து எழுதுங்கள். "நான் தாழ்ச்சியடையேன்" என்று வீட்டில் பாட்டி சொல்வதும் பிள்ளை சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும் அல்லவா.

இன்னொன்று. பதிவுப் படிவத்தில் வகுப்பின் அளவு, வயதுப் பிரிவு கேட்டால் சொல்லலாம். பிள்ளைகளின் பெயர், பிறந்தநாள், படம் எதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள், வாழ்த்து அட்டை அனுப்புகிறோம் என்றாலும்.

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இவற்றில் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை. வண்ணம் தீட்டும் தாளைக் கொடுத்தால் ஒரு பார்வை பார்க்கிறார்கள், அதைத் தாங்க முடியாது. போன மாதம் அந்த வாரப் பாடத்தை அவர்கள் கையிலேயே கொடுத்து, சிறியவர்களுக்கு நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். யோனாவின் மீனாக நடித்தவளுக்குப் பதின்மூன்று வயது. போர்வைக்குள்ளிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றாள்.