கேமோ ஸ்பிரே கேன்: திட்டுக்குச் சரி, அடிநிறத்துக்கு வேண்டாம்

ரஸ்ட்-ஓலியம், கிரைலான் என்ற பெயிண்ட் நிறுவனங்கள் இரண்டுமே உருமறைப்புக்கென்று துளியும் மினுக்கம் இல்லாத ஸ்பிரே கேன்களைத் தனி வரிசையாக விற்கின்றன. காக்கி, ஆலிவ், மண் பழுப்பு, கறுப்பு என்று நாலைந்து நிறங்கள். இரும்புப் பெட்டிக்கோ டிரம்முக்கோ அடிக்க இவை அருமையான சரக்கு. முழு பிக்கப் ட்ரக்கையும் இவற்றாலேயே முடிக்கலாமா என்றால், முடிக்கலாம்; ஆனால் அடிநிறத்துக்கு இவற்றை வாங்குவது காசைக் காற்றில் விடுவதுதான்.

கணக்கைப் பாருங்கள். இரட்டைக் கேபின் பிக்கப்பின் வெளிப்பரப்பு, கண்ணாடிகளைக் கழித்தால், ஏறக்குறைய 15 சதுர மீட்டர். 340 கிராம் கேன் ஒன்று, காற்றில் போவது போக, ஒரு கோட்டுக்கு, அதாவது ஒரு பூச்சுக்கு, ஒரு சதுர மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இரண்டு கோட் என்றால் 25 கேன் ஆகிவிடும், விரலும் மரத்துவிடும். அதே நிறத்தை மேட் (மினுக்கமற்ற) எனாமலாக டின்னில் வாங்கினால் 3.5 லிட்டர் போதும். டர்பன்டைன் 10 முதல் 15 சதவீதம் கலந்து, 10 செ.மீ. ஃபோம் ரோலரால் மெல்லிய கோட்டாக உருட்டலாம். பளபளப்பான பெயிண்டில் ரோலர் விட்ட புள்ளித் தடம் கண்ணைக் குத்தும். மேட் பெயிண்ட் ஒளியைச் சிதறடித்துவிடுவதால் அந்தத் தடம் இரண்டடி தள்ளி நின்றாலே தெரியாது. திட்டுகளுக்கு மட்டும் கேன் வாங்குங்கள்: இரண்டாம் நிறத்துக்கு 8, கறுப்புக்கு 2. மொத்தம் பத்தோடு முடிந்தது.

நிறத்தைக் கண்மதிப்பில் சொல்லாமல் எண்ணாகக் கேட்டால் கலக்கும் கடையில் குழப்பம் வராது. ஜெர்மானிய ராணுவ வண்டிகளின் மூவண்ணம், ஆர்ஏஎல் (RAL) என்ற ஐரோப்பிய நிற எண் பட்டியலில், 6031 வெண்கலப் பச்சை, 8027 தோல் பழுப்பு, 9021 தார்க் கறுப்பு. ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் ராணுவப் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது; பல இடங்களில் நிறம் மாறினால் பதிவுப் புத்தகத்தையும் மாற்ற வேண்டும்.

பெயிண்டைவிட வேலையைக் கெடுப்பது திட்டின் அளவு. முதல்முறை அடிப்பவர்கள் உள்ளங்கை அகலத் திட்டுகளாக நெருக்கி அடிப்பார்கள். பக்கத்தில் நின்றால் கச்சிதம். முப்பது மீட்டர் தள்ளிப் போனால் எல்லாம் கலந்து ஒரே சேற்று நிறம், வண்டியின் உருவம் அப்படியே நிற்கும். ட்ரக் அளவுக்குத் திட்டு ஒவ்வொன்றும் 60 செ.மீ. முதல் ஒரு மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். கதவிடுக்கைத் தாண்டி ஃபெண்டருக்கும், பானெட்டின் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டுக்கும் ஓட வேண்டும். கண் வண்டியை அடையாளம் காண்பது அதன் நேர்கோட்டு விளிம்புகளால்தான். திட்டு அந்த விளிம்பில் வந்து நின்றால் மறைக்க வேண்டியதை நீங்களே கோடு போட்டுக் காட்டியதாக ஆகும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடி பார்த்ததுபோல் இருக்கக் கூடாது.

நிறங்களின் பங்குக்கு 1970களில் அமெரிக்க ராணுவம் கையாண்ட மெர்டெக் (MERDC) என்ற நாலு நிற உருமறைப்பு முறை இன்றும் நல்ல வழிகாட்டி: 45, 45, 5, 5 சதவீதம். இரண்டு நிறங்கள் ஆள்கின்றன, மற்ற இரண்டும் ஊறுகாய் அளவுதான். பருவம் மாறினால் ஒன்றிரண்டு நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்வார்கள், திட்டுகளின் வடிவம் அப்படியே இருக்கும். மூன்று நிறத்தோடு நிறுத்துபவர்கள் 45, 45, 10 என்று வைத்துக்கொள்ளலாம். கறுப்பு 15 சதவீதத்தைத் தாண்டினால் கறுப்பு வண்டியில் பாசி படிந்ததுபோல் ஆகிவிடும்.

முதலில் சாக்பீஸால் வரைந்து, ஒவ்வொரு திட்டுக்குள்ளும் நிறத்தின் எண்ணை எழுதுங்கள். மாதிரி அட்டைத் துண்டுகளில் மூன்று நிறத்தையும் அடித்து, போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சையும் பழுப்பும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தூரத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒன்றை வெளிறச் செய்ய வேண்டும். இலை வடிவ ஸ்டென்சில் பற்றி ஒரு வார்த்தை: துப்பாக்கிப் பெட்டிக்கு அது சரி, ட்ரக்கில் ஜன்னல் திரைத்துணி மாதிரி இருக்கும்.

தயாரிப்பில் வரிசை முக்கியம். சோப்புத் தண்ணீர், பிறகு மெழுகும் எண்ணெய்ப்பசையும் நீக்கும் திரவம், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் பழைய மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெயிண்ட் அங்கே மீன்கண் போல வட்டமாக விலகும். 320 எண் தாள், அடுத்து 400 போதும். 800, 1000 என்று வழவழப்பாக்கினால் பெயிண்டுக்குப் பிடிமானம் இருக்காது. துரு இருந்தால் உலோகம் தெரியும்வரை தேய்த்து எபாக்சி பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) வையுங்கள். ஆசிட் பிரைமருக்கு மேல் எபாக்சி வேண்டாம், அமிலம் அதை இறுக விடாது. பிளாஸ்டிக் பம்பருக்குப் பிளாஸ்டிக் பிரைமர் தனி. விளக்கு, பிரதிபலிப்பான், நம்பர் பிளேட், பார்க்கிங் சென்சார், ரேடார் மூடி, சேசிஸ் எண் தகடு எல்லாவற்றையும் மறைத்து ஒட்டுங்கள்.

அடிநிறம் ரோலரில் இரண்டு கோட், நடுவில் ஓர் இரவு. காய்ந்து ஒரு வாரம் ஆன பிறகு திட்டுகளுக்குப் போகலாம். வெளிர் நிறம் முன்னால், கறுப்பு கடைசியில். கேனுக்குள் இருக்கும் கலக்கும் குண்டின் ஓசை கேட்ட பிறகும் ஒரு நிமிடம் முழுதாகக் குலுக்க வேண்டும். மினுக்கத்தைக் கொல்லும் பொடி அடியில் தங்கியிருக்கும். குலுக்காமல் அடித்தால் ஒரே கேனில் பாதி மேட், பாதி மினுமினுப்பு. 25 முதல் 30 செ.மீ. தூரம். மங்கலான விளிம்பு வேண்டுமானால் அட்டையைப் பரப்பிலிருந்து 2 செ.மீ. தூக்கிப் பிடித்து அடியுங்கள். கூர்மையான விளிம்பு வேண்டுமானால் 6 மி.மீ. வளையும் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் முழுதாக இறுகும் முன்பே டேப்பை மடக்கி உரிக்க வேண்டும், காத்திருந்தால் விளிம்பு செதில் செதிலாகக் கிழியும்.

எல்லாரையும் அழ வைப்பது இடைவெளிக் கணக்கு. பெரும்பாலான எனாமல் கேன்களில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் 24 அல்லது 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். எவ்வளவு என்பது லேபிளில் இருக்கும். நடுவில் அடித்தால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரமாக இருக்கும் பழைய கோட்டைப் புதிய கரைப்பான் வீங்க வைத்து, பால் ஆடைபோல் சுருக்கிவிடும். அதற்கு மருந்து தேய்த்து எடுப்பது மட்டுமே. வெயிலில் சுடும் தகட்டில் தூரத்திலிருந்து அடித்தாலும் கெடும்: துளிகள் காற்றிலேயே காய்ந்து மணல்போல் விழும். மேட் பரப்பைப் பாலிஷ் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. அதனால் கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், 15 முதல் 30 டிகிரி, காற்று வீசாத நேரம். கார்பன் வடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். தூசிக்குப் போடும் துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது.

மாற்று வழிகளில், உரித்தெடுக்கும் ரப்பர் பூச்சு (பிளாஸ்டி டிப் வகை) வண்டியைத் திரும்ப விற்க நினைப்பவர்களுக்கு. உப்புத்தாள் வேலையே இல்லை. ஆனால் நாலைந்து கோட் தடிமன் இல்லாவிட்டால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கையோடு வரும். அதன் மேல் சாதாரண எனாமல் திட்டு அடித்தால் ரப்பர் நெளியும்போது எனாமல் வெடிக்கும். சரக்குத் தொட்டிக்கான சொரசொரப்புப் பூச்சு இரும்பு மாதிரி உழைக்கும். மூன்று நிறத்துக்கு அதை இழுப்பது வீண் பாடு.

முடிந்த வண்டியைக் குறைந்தது ஒரு வாரம் கழுவ வேண்டாம். மெழுகும் பாலிஷும் பிரஷ் வைத்த இயந்திரக் கழுவலும் எப்போதுமே கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், அதை மறுபடி மேட்டாக்க அடிப்பதைத் தவிர வழியில்லை. கதவுக் கைப்பிடியைச் சுற்றிக் கை எண்ணெய்க் கறை வரும். இந்த வகைப் பெயிண்டின் பெரிய வசதியும் இதிலேயே இருக்கிறது: கறையோ கீறலோ, லேசாகத் தேய்த்து அதே கேனில் ஒரு வீச்சு அடித்தால் ஒட்டுப்போட்டது தெரியாது. திட்டு நிறங்களில் கேனிலும், அடிநிறத்தில் டின்னிலும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பெட்ரோல் மூடியைச் சுற்றி மட்டும் இந்த வைத்தியம் நிற்காது, சிந்தும் பெட்ரோல் இந்தக் கேன் பெயிண்டைக் கரைத்துவிடும். அந்த ஒரு சாண் இடத்துக்குக் கடினமாக்கி கலந்த மேட் கிளியரை (நிறமற்ற மேல்பூச்சு) பெயிண்ட் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள்; அதன் ஐசோசயனேட் என்ற நச்சு ஆவிக்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடி தேவை, வீட்டில் அடிக்கிற சரக்கு அல்ல.