ரூ.1,40,000 போயிற்று: மகிந்திரா தார் வண்டியைச் செயலி நிறுவனத்திடம் விற்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

ரூ.1,40,000. பேசி முடித்த விலைக்கும் என் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் இது. வீட்டு வாசலுக்கே ஆள் அனுப்பிப் பழைய கார் வாங்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் போன வாரம் என் தாரைக் கொடுத்தேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. எந்த அமைப்புள்ள ஆஃப் ரோடு வண்டிக்கு, அதாவது சாலை இல்லாத இடத்திலும் ஓடும் வண்டிக்கு, மறுவிற்பனையில் விலை நிற்கும், விற்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை மற்றவர்களுக்காக விரிவாகச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி 2021 மாடல். 2.2 லிட்டர் டீசல், மேனுவல் கியர், கெட்டிக் கூரை போட்ட ஹார்டு டாப், நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ், எல்.எக்ஸ். ரகம், பின் அச்சில் மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் லாக், அதாவது ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு. பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை வட்டாரத்தில் பழைய தார் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது இந்தச் சேர்க்கையைத்தான். தோப்புக்காரரும் எஸ்டேட்காரரும் மழைக்காலத்தில் சேற்றில் இறங்கி ஏற வேண்டியவர்கள். அவர்களுக்கு டீசல் வேண்டும், கியர் லிவருக்குப் பக்கத்தில் 2எச், 4எச், 4எல் என்று எழுதிய, இரு சக்கர இயக்கத்திலிருந்து நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் இரண்டாவது லிவர் வேண்டும். சாஃப்ட் டாப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் துணிக் கூரையைக் கிழித்துவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடலாம், மழைச் சத்தத்தில் பேசவும் முடியாது. வாங்க வருபவர் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டே விலையைக் குறைப்பார்.

2023 ஜனவரியில் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட தார் ரூ.9.99 லட்சத்திலிருந்து வந்தது. வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டாவது லிவர் கிடையாது. அதன் டீசல் வகை நான்கு மீட்டருக்கு உட்பட்டது, 1.5 லிட்டர் எஞ்சின் கொண்டது. அதனால் சிறிய கார்களுக்கான வரிப் பிரிவில் வருவது. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. புதிய வண்டி மலிவானால் பழையதை யார் அதிக விலைக்கு வாங்குவார்கள்? தாருக்குப் போட்டியான மாருதி ஜிம்னிக்கு நடந்ததும் இதுதான். 2023 ஜூனில் ரூ.12.74 லட்சத்தில் தொடங்கிய வண்டி, அதே ஆண்டு டிசம்பரில் சிறப்புப் பதிப்பு என்ற பெயரில் ரூ.10.74 லட்சத்துக்கு வந்தது. முதலில் வாங்கியவர்களின் மறுவிற்பனை விலை அன்றே சரிந்தது. இத்தனைக்கும் ஜிம்னியில் ஃபோர் வீல் டிரைவ் எல்லா ரகத்திலும் உண்டு. பெட்ரோல் மட்டும்தான் என்பதும், நிறுவனமே விலையைக் குறைத்துக்கொண்டு போனதும் சேர்ந்து அடித்துவிட்டன.

2024 ஆகஸ்டில் ஐந்து கதவு கொண்ட தார் ராக்ஸ் வந்த பிறகு குடும்பத்துக்காகத் தார் தேடியவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மூன்று கதவு வண்டியில் இன்று விலை நிற்பது உண்மையாகவே காட்டிலும் மேட்டிலும் ஓட்டத் தகுந்த அமைப்புக்குத்தான். என் வண்டியில் அது அத்தனையும் இருந்தது. கூடுதல் பம்பர், பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன் எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருந்தேன்.

இனி நடந்தது. செயலியில் விவரம் பதிந்ததும் ஒரு பரிசோதகர் வந்தார். மரியாதையான பையன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார், அம்மா கொடுத்த மோரைக் குடித்தார், 'எங்கள் ஊரும் உடுமலைப் பக்கம்தான் அண்ணா' என்றார். பெயிண்ட் அளக்கும் கருவியை ஒவ்வொரு கதவிலும் வைத்துப் பார்த்தார். அடியில் படுத்து டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று தேடினார். இல்லை. லாக் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டார். தோப்புக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் அழைத்துப் போனேன். பின்பக்க இடது சக்கரத்தை ஈரச் சேற்றில் இறக்கி மெதுவாக ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். சக்கரம் வெறுமனே சுழன்றது, பிறகு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சுற்றி வண்டி ஏறிவிட்டது. பக்கத்து இருக்கையில் இருந்த பரிசோதகர் சொன்ன வார்த்தை இது: 'லாக் நன்றாக விழுகிறது அண்ணா, இதற்கே தனி விலை கிடைக்கும்.'

அந்த ஒரு சொல்லில்தான் என் மனம் முழுதாக இளகியது. விஷயம் தெரிந்தவர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்று மாலையே செயலியில் விலை வந்தது: ரூ.11,40,000. வெளியில் ஒரு தெரிந்த வியாபாரி இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கேட்டிருந்தார். எழுத்தில் தருகிறார்கள், பணம் வங்கியில் வரும், பெயர் மாற்றத்தையும் அவர்களே செய்கிறார்கள் என்பதால் இவர்களுக்குக் கொடுத்தேன்.

கோவையில் உள்ள அவர்களின் யார்டில் வண்டியை விட்டுச் சாவியைக் கொடுத்தேன். கைப்பேசிக்கு ஓ.டி.பி. வந்தது. செய்தியில் இருந்தது 'வாகன ஒப்படைப்பை உறுதிசெய்ய' என்ற வரி மட்டுமே. விலை மாற்றம் என்று ஓர் எழுத்துகூட இல்லை. மறுநாள் கணக்கில் வந்தது பத்து லட்சம். ரூ.1,40,000 குறைவு. கூப்பிட்டுக் கேட்டால், யார்டில் மறுபரிசோதனை நடந்ததாம். டேஷ்போர்டில் லாக் சுவிட்ச் இல்லையாம். எனவே வண்டியில் லாக்கே இல்லை, சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்துச் சமாளிக்கும் வகைதான் இருக்கிறது என்று கீழ் ரகத்தில் சேர்த்துவிட்டார்களாம்.

சுவிட்ச் எப்படி இருக்கும்? அந்த வண்டியில் லாக் தானாக விழுகிறது, வேகம் கூடினால் தானாக விடுபடுகிறது. சுவிட்ச் வைத்து வருவது ராக்ஸில். தார் ஓட்டும் எவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி, தினமும் தார் வாங்கி விற்கும் நிறுவனத்துக்குத் தெரியாதா? அவர்கள் அனுப்பிய பரிசோதகரே என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டாரே!

அவருக்குப் போன் செய்தேன். முதல் முறை எடுத்தார். 'நான் அறிக்கையில் சரியாகத்தான் எழுதினேன் அண்ணா, விலை என் கையில் இல்லை' என்றார். அதன்பிறகு எடுக்கவே இல்லை. யார்டு மேலாளர், 'தலைமை அலுவலக முடிவு சார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது' என்றார். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒவ்வொரு முறையும் வேறொருவர், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். '48 மணி நேரத்தில் அழைப்பார்கள் சார்.' யாரும் அழைக்கவில்லை. மறுபடி கேட்டால், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டுவிட்டது.' யார் தீர்த்தது? எதைத் தீர்த்தது? ஒருவர், ஜி.எஸ்.டி. குறைந்ததால் சந்தை விலை இறங்கிவிட்டது என்று புதுக் காரணம் சொன்னார். வரி குறைந்து மாதங்கள் ஆன பிறகுதானே ரூ.11,40,000 என்று நீங்களே விலை போட்டீர்கள் என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். வண்டியைத் திருப்பிக் கொடுங்கள், பத்து லட்சத்தை அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஓ.டி.பி. கொடுத்தபின் திரும்பப் பெற வழியில்லையாம்.

இவ்வளவையும்கூடப் பொறுத்திருப்பேன். நேற்று அதே நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்தில் என் வண்டியைப் பார்த்தேன். பின்கதவில் ஸ்டெப்னிக்குக் கீழே இருக்கும் சிறு கீறல்கூடப் படத்தில் தெரிகிறது. விலை ரூ.13,25,000. சிறப்பம்சங்கள் என்ற தலைப்பில் முதல் வரி: 'மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் லாக் உள்ளது.' என்னிடம் வாங்கும்போது இல்லாத லாக், விற்கும்போது எங்கிருந்து முளைத்தது? இதைத் தவறு என்று சொல்லமாட்டேன், திருட்டு என்றே சொல்வேன். ரூ.1,40,000 திருட்டு. திரைப்பதிவு எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் பதிந்துவிட்டேன்.

விற்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். ஷோரூம் கொடுத்த அசல் இன்வாய்ஸில் ரகத்தின் முழுப்பெயர் இருக்கும். அதன் நகலைப் பரிசோதகரிடம் கொடுத்து, அறிக்கையில் ரகமும் லாக்கும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆளை அனுப்புங்கள். லாக் வேலை செய்வதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையும் கணக்கில் ஏறாமல் சாவியும் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள். வியாபாரியிடம் விற்றால் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததைத் தெரிவிக்கும் படிவம் 29சி, அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவாகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த விதி இருக்கிறது. அது பதிவானால்தான் வண்டியின் பொறுப்பு அவர்களுக்குப் போகும். இன்னும் நிறைய எழுத நினைத்திருந்தேன், கை ஓடவில்லை.

இந்த நிமிடம் வரை ஆர்.சி. என் பெயரில்தான் இருக்கிறது. யாராவது எடுத்து ஓட்டி எங்காவது மோதினால் நோட்டீஸ் என் வீட்டுக்கு வரும். நாளை காலை அதற்காக ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறேன். மறுபரிசோதனை என்று சொல்லி ரகத்தை மாற்றி உங்களிடமும் பணம் பிடித்திருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.