நாபா டச்சா, ஆடியா மார்கழியா: செங்கோட்டைப் பக்கம் கார் வாங்குவோருக்கு

செங்கோட்டையில் வெயில் காயும்போதே, புளியரை தாண்டிக் கேரள எல்லையான கோட்டைவாசல் ஏறினால் மழை பிடித்துக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இது வாடிக்கை. ஆரியங்காவு, புனலூர் என்று அடிக்கடி போய்வருகிற குடும்பம் புது கார் எடுக்கும்போது, சன்ரூஃபை விட்டுவிட்டு முதலில் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் முன்கண்ணாடி. மழைக்கு ஜன்னலை ஏற்றிவிட்டால், உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்று ஈரமே கண்ணாடியின் உள்பக்கம் படிந்துவிடும். ஏசியைப் போட்டு, உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி வெளிக்காற்றை விட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் விலகும். ஏசி ரொம்பக் குளிராக ஓடினால் வெளிக்காற்றின் ஈரம் வெளிப்பக்கமும் பிடிக்கும். அதற்கு வைப்பரைப் போட்டுக் குளிரைக் குறைக்க வேண்டும். இத்தனையும் எஸ் வளைவில், எதிரே லாரி இறங்கும்போது செய்ய வேண்டியிருக்கும். நாப் என்றால் கை தானாகப் போய்ப் பிடித்துத் திருகும். டச் பேனலில் விரல் எங்கே படுகிறது என்று குனிந்து பார்த்தாக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தாலே வண்டி 22 மீட்டர் போயிருக்கும்.

ஸ்வீடனின் 'வி பிலாகரே' கார் இதழ் 2022இல் இதை அளந்தே பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70இல் 10 விநாடிதான் ஆனது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி. அதற்குள் வண்டி 1,372 மீட்டர் கடந்துவிட்டது. இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்குக் காரைப் பழகிக்கொள்ள நேரம் கொடுத்திருந்தார்கள். இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா என்று ஐரோப்பாவில் கார் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் மதிப்பெண்ணில் பார்க்கிறது.

திரையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேப்புக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் அதுதான் சரி. ஏசியை அதற்குள் தள்ளுவதுதான் தப்பு. 2023இல் புதுப்பித்த டாடா நெக்ஸானில் ஏசி பேனல் பெரும்பாலும் டச். வெப்பத்துக்கும் ஃபேனுக்கும் மட்டும் தட்டும் ஸ்விட்ச் வைத்தார்கள். மாருதி பிரெஸ்ஸாவில் ஏசிக்குத் தனி ஸ்விட்சுகள் உண்டு. ஃபோக்ஸ்வாகன் டைகுன், விர்ட்டஸில் விஷயம் தலைகீழ்: டாப் வேரியண்டில் தடவும் பேனல், கீழ் வேரியண்டில் திருகும் நாப். மலைப்பாதைக்கு விலை குறைந்ததுதான் நல்லது. வரியும் அதற்குத் துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. எந்த கம்பெனி கார் என்றாலும், 9.9 லட்சத்து வேரியண்டை விட்டு 10.4 லட்சத்துக்கு ஏறினால் வரியில் மட்டும் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடும்.

அப்புறம், எப்போது வாங்குவது? டிசம்பரில் தள்ளுபடி தாராளம்தான். ஆனால் பாதி டிசம்பர் மார்கழி. வீட்டுப் பெரியவர்கள் டெலிவரிக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். டிசம்பரில் புக் பண்ணிவிட்டு, தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால், போன வருடத் தயாரிப்பு என்று ஆர்சியில் ஏறிய வண்டி கைக்கு வரும். நாலைந்து வருடத்தில் விற்கும்போது அது விலையில் இடிக்கும். பத்து வருடம் வைத்து ஓட்டுகிறவர்கள் மட்டும் டிசம்பரைத் தாராளமாகப் பிடிக்கலாம். தையிலேயே புக் பண்ணி வாங்கினால் தயாரிப்பு வருடம் புதிது. ஆனால் ஜனவரியில் கம்பெனிகள் விலையை ஏற்றுவது வழக்கம்.

எனக்குப் பிடித்தது ஆடிக் கடைசி. எல்லையின் அந்தப் பக்கம், கேரளத்தில், அதுவே கர்க்கடகம், அங்கும் ஆகாத மாதம் என்பதால் இரண்டு பக்கமும் ஷோரூம்கள் காற்று வாங்கும், பேரம் படியும். ஆடியில் புக் பண்ணி ஆவணியில் வண்டியை எடுக்கலாம். அங்கே ஓணம் சலுகையும் அப்போதுதான். புனலூர் விலையையும் கேட்டு வைத்தால் தென்காசியில் பேச வசதி. அங்கேயே வாங்கினாலும் தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து நம்மூரில்தான் பதிவு செய்து வரி கட்ட வேண்டும், அதனால் வரியில் மிச்சம் பார்க்க முடியாது.

எல்லாவற்றையும் விட, ஆடியில் மழை இருக்கும். டெஸ்ட் டிரைவை நாலு பேராக ஏறி, ஜன்னலை அடைத்துக்கொண்டு புளியரைப் பக்கம் கேளுங்கள். ஷோரூமில் பெரும்பாலும் டாப் வேரியண்டைத்தான் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் வாங்கப்போகும் வேரியண்டே வேண்டும் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள்.