சி.ஏ. படிப்புக்குப் பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள்

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை ஆடிட்டராக்க நினைக்கும் பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் இயங்கும் ஒரு பயிற்சி நிலையம், 'ஒன்றரை ஆண்டில் சி.ஏ., பதிவுக் கட்டணமும் ஆர்ட்டிகிள்ஷிப்பும் (ஆடிட்டரிடம் பெறும் வேலைப் பயிற்சி) எங்கள் பொறுப்பு' என்று சொல்லி, என் தங்கையின் பெயரில் முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டது. மீன்பிடித் தடைக்காலத்தில், வருமானமே இல்லாத நேரத்தில், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம் அது.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தபோதுதான், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தப் படிப்பை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் அவள் பெயர் பதிவாகவே இல்லை என்பது தெரிந்தது. அவளிடம் தந்திருந்த அடையாள அட்டையில் இருந்தது அந்த நிலையத்தின் வரிசை எண். நம் தென்மண்டல மாணவர்களின் கழகப் பதிவு எண்ணோ 'எஸ்.ஆர்.ஓ.' என்ற எழுத்துகளில் தொடங்கும். பதிவு செய்து நான்கு மாதப் படிப்புக் காலம் முடிந்தால்தான் ஃபவுண்டேஷன் என்ற முதல்நிலைத் தேர்வை எழுத முடியும் என்பதால், பணத்தோடு தேர்வு வாய்ப்பும் போயிற்று.

இதைவிட மனதை வருத்தியது ஆர்ட்டிகிள்ஷிப் என்ற பெயரில் நடந்தது. ஓர் அலுவலகத்தில் உட்கார வைத்து, ஐஸ் கம்பெனிகள், கருவாட்டு வியாபாரிகளின் பில்களைக் காலை முதல் மாலை வரை டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொன்னார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. 2023இல் வந்த புதிய திட்டப்படி, அடுத்த நிலைத் தேர்வான இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் (பாடத் தொகுதி) தேறிய பிறகே, தொழில் நடத்தும் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கும். அதற்கு உதவித்தொகையும் உண்டு. ஃபவுண்டேஷனே எழுதாத பிள்ளைக்கு ஆர்ட்டிகிள்ஷிப் என்பதும், ஒன்றரை ஆண்டில் சி.ஏ. என்பதும் முழுப்பொய்.

பதிவைக் கழகத்தின் இணையதளத்தில் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளலாம்; தனியார் பயிற்சி கட்டாயமும் இல்லை. தங்கை இப்போது அப்படித்தான் பதிந்து படிக்கிறாள். பணத்தைத் திரும்பக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். இதேபோல் ஏமாந்தவர்கள் ரசீதையும் அட்டையையும் யார் கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.